பாஸ்கா: 50 நாளும் ஒரே திருநாள்

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மறுநாளே, "ஈஸ்டர் முடிந்துவிட்டது" என்று நம் பங்குக் கோவில்களில் பேச்சு வந்துவிடுகிறது. தவக்காலத்தின் 40 நாளை விரல்விட்டு எண்ணியவர்கள் அதையடுத்த 50 நாளை எண்ணுவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். திருவழிபாட்டு நாள்காட்டி இந்த நாள்களைப் பாஸ்கா காலம் என்கிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமையைப் போலக் கொண்டாடு என்று 50 நாளையும் கையில் தருகிறது. அடுத்து வரும் ஞாயிறுகளும் 'ஈஸ்டருக்குப் பின்' வருபவை அல்ல, பாஸ்கா காலத்தின் 2ஆம் ஞாயிறு, 3ஆம் ஞாயிறு என்றே எண்ணப்படுகின்றன. 50ஆம் நாள் பெந்தகோஸ்து. 'ஐம்பதாவது' என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

பாஸ்கா என்பதன் வேர் எபிரேயத்தின் பெசாக். அரமேயம் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய்ப் பாஸ்கா ஆனது. இலத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. எகிப்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளை அழிவு தீண்டாமல் கடந்துபோன இரவை விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே பொருள், கடந்து செல்லுதல்.

கிரேக்கர் காதில் இது வேறு மாதிரி ஒலித்தது. 'பாஸ்கெயின்' என்றால் அவர்கள் மொழியில் துன்புறுதல். 2ஆம் நூற்றாண்டில் சார்தை நகர ஆயர் மெலித்தோன் பாஸ்காவை இந்தச் சொல்லோடு சேர்த்தே விளக்கினார். அது கிரேக்கச் சொல் அல்ல, எபிரேயச் சொல், 'கடத்தல்' என்பதே அதன் பொருள் என்று பின்னாளில் புனித அகுஸ்தினார் திருத்தினார். ஆனாலும் அந்தப் பழைய பொருள் தமிழ்நாட்டு ஊர்களில் தானாகவே முளைத்திருக்கிறது. பாஸ்கு என்றால் ஊரில் ஆண்டவரின் பாடுகளை நடிக்கும் நாடகம்தான். சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர் பாஸ்கா விழா பலரும் அறிந்தது. "பாஸ்கு பார்க்கப் போகிறோம்" என்று என் பாட்டி சொன்னால் பாயும் கட்டுச்சோறும் தயாராகிவிடும். விடியுமுன் உயிர்ப்புக் காட்சியோடுதான் நாடகம் முடியும். பாட்டி வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவது சிலுவையைப் பற்றி.

ஈஸ்டர் என்ற பெயர் ஆங்கிலத்தின் வழி வந்தது. இயோஸ்திரே என்ற தேவதையின் பெயரால் அமைந்த மாதத்திலிருந்து அது வந்தது என்று 725இல் பீடு என்ற ஆங்கிலத் துறவி எழுதிவைத்தார்.

நேர்த் தமிழ்ச் சொல் எது? 'கடத்தல்' என்றால் இன்று தங்கக் கடத்தல்தான் நினைவுக்கு வரும். 'கடப்பு' பொருந்தும், ஆனால் வழக்கில் ஊன்றவில்லை. பாஸ்காவை அப்படியே வைத்துக்கொள்வதே சரி என்பேன். திருநாளுக்கோ நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: உயிர்ப்பு. நம்பிக்கை அறிக்கையில் முன்பு 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' என்று சொன்னவர்கள் இப்போது 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்கிறோம். உத்தானம் எழுவதை மட்டும் சொல்லும். உயிர்ப்புக்கோ பழந்தமிழில் மூச்சு என்றும் பொருள். நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. பாஸ்கா காலத்தின் 2ஆம் ஞாயிறு நற்செய்தியைக் கேளுங்கள். பூட்டிய அறைக்குள் உயிர்த்த ஆண்டவர் வந்து நின்று, சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியைத் தருகிறார். எழுந்தவரின் உயிர்ப்பு அஞ்சிக் கிடந்தவர்களின் மூச்சாகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கத் தமிழால் முடிகிறது.

இந்தக் காலம் வீட்டிலும் கோவிலிலும் எப்படித் தெரிகிறது? மூவேளைச் செபத்துக்குப் பதில் விண்ணக அரசியை வாழ்த்தும் செபம். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின திருவிழிப்பு இரவில் மந்திரித்த தண்ணீர், பாட்டில்களில் வீட்டுக்கு வருகிறது. பாட்டி அதைப் படத்தட்டில் வைத்திருந்து, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கோ வெளியூருக்கோ புறப்பட்டால் நெற்றியில் தொட்டுச் சிலுவை வரைவார். கோவிலில் வாசகமேடை அருகே பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரி நிற்கும். அதில் ஆண்டின் நான்கு இலக்கங்கள், ஐந்து சாம்பிராணி மணிகள், கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். அவற்றை நம் விவிலியம் 'அகரமும் னகரமும்' என்று பெயர்த்திருக்கிறது. தமிழின் கடைசி மெய் னகரம் என்பதால். எவ்வளவு அழகான மொழிபெயர்ப்பு!

பாட்டி இறந்தது ஒரு மே மாதம், பாஸ்கா காலத்துக்குள். கோவில் பணியாளரான கோயிற்பிள்ளை அந்தத் திரியைத் தூக்கிவந்து பெட்டியின் தலைமாட்டில் வைத்தார். திருவிழிப்பு இரவில் அதிலிருந்துதான் பாட்டி தன் மெழுகுதிரியைப் பற்றவைத்திருந்தார். உருகிய மெழுகு ஆண்டின் முதல் இலக்கத்தை மூடியிருந்தது. பெந்தகோஸ்து மாலையில் அதைத் திருமுழுக்குத் தொட்டியருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.