தமனி வெடித்துச் சிரைக்குள் திறந்தால்

இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி வயிற்றில் வீங்கி வெடித்தால் ரத்தம் முழுக்க வயிற்றுக்குள்தானே கொட்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அபூர்வமாக அந்த வீக்கம், பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் கீழ்ப்பெருஞ்சிரையை (கீழுடம்பின் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய குழாய்) அரித்து அதற்குள்ளேயே திறந்துகொள்ளும். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைம் 1831-லேயே இதை விவரித்திருக்கிறார்.

வயிற்றுப் பெருந்தமனி சாதாரணமாக 2 செ.மீ. அகலமுள்ள குழாய். 3 செ.மீ. ஆகிவிட்டால் அனியூரிசம், அதாவது தமனி வீக்கம்; ஆண்களுக்கு 5.5 செ.மீ. வந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். புகைப்பழக்கம், வயது, ரத்தக்கொதிப்பு என்று காரணங்கள் தெரிந்தவைதான்.

தமனிக்குள் சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசத்துக்குப் பக்கம், சிரையில் பத்துக்கும் கீழே. நடுவில் ஓட்டை விழுந்தால் ரத்தம் கால் பக்கம் போகாமல் குறுக்கு வழியில் இதயத்துக்கே திரும்புகிறது. இதயம் ஓயாமல் இறைத்தும் உடம்புக்குப் போதாது. மூச்சு வாங்கும், கால் வீங்கும், சிறுநீரில் ரத்தம்கூட வரலாம். வயிற்றில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்தால் மெஷின் ஓடுகிற மாதிரி இடைவிடாத இரைச்சல். வயிற்றில் துடிக்கும் கட்டி தெரிந்தால் தயவுசெய்து குடல் தட்ட, எண்ணெய் போட்டு வழிக்க யாரிடமும் போகாதீர்கள், நேராக ஸ்கேனுக்குப் போங்கள்.

சரி, எப்படிச் சரிசெய்கிறார்கள்? இரண்டு குழாயையும் பிரித்துத் தனித்தனியாகத் தைக்கலாமே என்று தோன்றும். பிரிக்கப் போனால் மெல்லிய சிரை கிழிந்துவிடும். அதனால் தமனிக்கு மட்டும் மேலும் கீழும் கிளாம்ப் போட்டு, வீக்கத்தைத் திறந்து உறைகட்டியை (உறைந்த ரத்தத்தை) அள்ளுகிறார்கள். உடனே உள்சுவரின் ஓட்டை வழியே கருஞ்சிவப்பு ரத்தம் பீறிடும், அது சிரையிலிருந்து வருவது. ஓட்டைக்கு மேலும் கீழும் சிரையை விரலாலோ பஞ்சுச் சுருளாலோ முதுகெலும்போடு அழுத்திப் பிடிப்பார்கள்; ரத்தம் நிற்கும், உறைகட்டியோ காற்றோ நுரையீரலுக்குப் போகாமலும் தடுக்கும். அப்படியே தமனிக்குள்ளிருந்து ஓட்டையைத் தைத்துவிடுகிறார்கள். சிரையை வெளியே எடுக்கவே வேண்டாம்! எந்த வீக்கம் ஓட்டை போட்டதோ அதன் தடித்த சுவரே தையலைத் தாங்குகிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அப்புறம் பாலியெஸ்டர் கிராஃப்ட்டை, அதாவது செயற்கைக் குழாயை, உள்ளே வைத்துத் தைத்து, வீக்கத்தின் சுவரை அதன்மேல் மூடுவார்கள்.

1990-ல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி தொடைத் தமனி வழியே ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோக வலை தாங்கும் செயற்கைக் குழாய்) வைத்துக் காட்டிய பிறகு, வயிற்றைத் திறக்காத வழியும் வந்தது. ஆனால் அதில் சிரை ஓட்டை அப்படியே இருக்கும், சின்னக் கிளைத் தமனிகள் அதற்கு ரத்தம் ஊட்டிக்கொண்டே இருக்கலாம். தொடர்ந்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை ஒருமுறை அல்ட்ராசவுண்டுக்கு அழைக்கிறார்கள். வலியில்லாத, சில நிமிடச் சோதனை. புகைபிடித்த முதியவர்களுக்காவது நம் அரசு இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.