எல்லா மீனுக்கும் ஒரே தடுப்பூசி போதுமா?

"மீன் தானே டாக்டர், எல்லாத்துக்கும் ஒரே தடுப்பூசி போடக் கூடாதா?" பண்ணைக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. பதிலுக்கு ஒரு மீனை அறுத்துக் காட்டுவேன். குடலை ஒதுக்கினால் முதுகெலும்பை ஒட்டி, செவுளுக்குப் பின்னால், கருஞ்சிவப்பாக ஒரு திசு தெரியும். அதுதான் தலைச் சிறுநீரகம். ரத்த அணுக்களையும் நோய் எதிர்ப்பு அணுக்களையும் உருவாக்கும் நம் எலும்பு மஜ்ஜையின் வேலையை மீனுக்குச் செய்வது அதுவே. இந்த அமைப்பு எலும்பு மீன்களுக்கெல்லாம் பொது. மரபணுக்களைப் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் தனி வழியில் போயிருப்பது தெரியும்.

எலும்பு மீன்களின் மூதாதைக்கு 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்தது. சால்மன் குடும்பத்தில் பிறகு இன்னொரு முறையும் நடந்தது. கூடுதலாகக் கிடைத்த பிரதிகளில் சில புது வேலைக்குப் போயின, பல அழிந்தன. 2005இல் மீன்களில் மட்டுமே உள்ள ஐஜிடி என்ற எதிர்ப்பொருள் (கிருமியோடு ஒட்டி அதை எதிர்க்கும் புரதம்) தெரியவந்தது. டிரவுட் மீனின் குடலையும் செவுளையும் தோலையும் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மெடாகா என்ற சிறு மீனிடம் அது இல்லவே இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அட்லாண்டிக் காட் மீன். அதன் மரபணுத் தொகுதி 2011இல் வெளியானபோது, எதிர்ப்பொருள் உருவாகத் தேவை என்று நாங்கள் படித்த எம்.எச்.சி. இரண்டாம் வகை மரபணுக்களையும் சிடி4 மரபணுவையும் காணவில்லை. எம்.எச்.சி. மரபணுக்கள் தரும் புரதங்கள் கிருமியின் துணுக்குகளை எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுபவை; இரண்டாம் வகை காட்டுவதை அடையாளம் காண உதவுவது சிடி4. எம்.எச்.சி. முதல் வகை மட்டும் ஏராளமாகப் பெருகியிருந்தது. அப்படியும் அது கடலில் நன்றாகவே வாழ்கிறது. விப்ரியோ என்ற பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி போட்டால் குறிப்பான எதிர்ப்பொருள் சொற்பமாகத்தான் உருவாகும், பாதுகாப்போ நன்றாகக் கிடைக்கும். எனவே ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவு என்பதை மட்டும் வைத்து 'ஊசி வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு மீனுக்குச் சரியான சோதனை இன்னொரு மீனுக்குத் தவறாகலாம்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. எம்.எச்.சி. மரபணுக்கள் ஒரே இனத்துக்குள்ளும் மீனுக்கு மீன் மாறும். ஒரு கிருமி சிலவற்றைக் கொன்றாலும் மற்றவை பிழைப்பதற்கு அந்த வேறுபாடும் ஒரு காரணம். நாலைந்து தாய் மீன்களை வைத்தே ஆண்டுக்கணக்கில் குஞ்சு எடுத்தால் அந்த வேறுபாடு கரைந்துபோகும். அப்படி ஒரு பண்ணையில், தொட்டியின் ஓரமெங்கும் ஒரே அளவுக் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்ததைப் பார்த்தேன். காரணம் கிருமி மட்டும்தான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அதனால் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் இப்போது முதலில் கேட்பது: "இந்தக் குஞ்சுகளுக்குத் தாய் மீன் எத்தனை, எங்கிருந்து வந்தவை?" பெரும்பாலான பதிவேடுகளில் அந்தப் பத்தி காலியாகவே இருக்கிறது. அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது கேட்டு எழுதி வையுங்கள்.