யோசினைக்கு ஒரு கைவேலை

வன்னியில் எங்கள் உளநலப் பிரிவுக்கு வருகிறவர்கள் "மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "ஒரே யோசினை மிஸ், நித்திரையும் வருகுதில்லை, நெஞ்சு படபடக்குது" என்பார்கள். மருந்தை டொக்டர் எழுதுவார். நான் கேட்பது, "கையால என்ன செய்யத் தெரியும் அம்மா?" என்று. அநேகமானோருக்கு ஏதாவது தெரிந்திருக்கும்: மனைப்பொருளியல் பாடத்தில் பழகிய, கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோசே, அம்மம்மாவிடம் பார்த்துப் பழகிய, ஓலையில் பாய் பெட்டி இழைக்கும் பன்னவேலை.

குரோசே பின்னும்போது கண்ணியை எண்ண வேண்டும். எண்ணிக்கை பிசகினால் வரிசை கோணும், அதனால் மனம் அங்கேயே நிற்கும். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வர, மூச்சும் தானாக ஆறும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்கள் பதிலளித்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் கூடுதல் அமைதியை உணர்வதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் ஏற்கெனவே பின்னலில் ஆசை உள்ளவர்கள். அதை வைத்துப் பின்னினால் வருத்தம் மாறும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் கூடுதலாக நம்புவது சேர்ந்திருந்து செய்வதைத்தான். மாதர் சங்கக் கட்டடத்தில் பாயை விரித்து, பனையின் இளம் ஓலையான சார்வோலையை வார்ந்து பெட்டி இழைப்பார்கள். அடி போடும்வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்கள் ஓலையில் இருப்பதால் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. பக்கம் எழும்பத் தொடங்கும்போது யாராவது ஒருத்தி, போர் முடிந்த 2009ஐப் பற்றி ஒரு வசனம் சொல்வாள். மற்றவள் கையை நிறுத்தாமலே "ஓமக்கா, நாங்களும் அந்தப் பக்கத்தாலதான் வந்தனாங்கள்" என்பாள். கதிரையில் எதிரெதிரே இருத்திக் கேட்டால் இது வராது.

ஆண்களை இப்படிக் கூப்பிட்டால் வருவதில்லை. முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிறவர்களோடு போய் இருந்தால் கதை தானாக வரும்.

போர் முடிந்த பிறகு வாழ்வாதாரம் என்று தையல் மெஷின்கள் நிறையக் கொடுத்தார்கள். வருமானம் அவசியந்தான். ஆனால் நுண்கடன் தவணைக்காக இராவிராவாகத் தைக்கிறவளுக்கு அதே ஊசியே யோசினையாகிவிடும். விற்காத ஒன்றையும் கொஞ்சம் செய்யுங்கோ என்று சொல்வேன்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயிடம் "கைவேலை செய்து மறவுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் போராடும் தாய்மார் கேட்பது மறதியை அல்ல, பதிலை.

தொடங்க நினைத்தால் கம்பளி வேண்டாம்; இந்த வெக்கைக்குப் பருத்தி நூல்தான் தோது. நாளுக்கு அரை மணித்தியாலம் போதும், மணிக்கட்டு நொந்தால் நிறுத்துங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையோ சாப்பாடோ இல்லையென்றால் அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள், அல்லது தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். கைவேலை பிடித்துவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.