கம் டீபிக்மென்டேஷன்: ஈறு நிறமி நீக்கம்

ஈறுகளில் உள்ள கருமையை எடுத்து இளஞ்சிவப்பாக்கும் அழகுச் சிகிச்சைக்குப் பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் கம் டீபிக்மென்டேஷன். விளம்பரங்களில் இதையே கம் ப்ளீச்சிங் என்று போடுகிறார்கள்.

பிக்மென்ட் லத்தீன் வழி வந்த சொல். அங்கே 'பிக்மென்டும்' என்றால் சாயம். வண்ணம் தீட்டுவதைச் சொல்லும் 'பிங்கெரே' அதன் வேர். முன்னால் நிற்கும் 'டீ' அகற்றுதலைக் குறிக்கும். நிறம் தரும் பொருளுக்கு நம் பள்ளிப் பாடநூல்களிலேயே நிறமி என்ற அழகான சொல் இருக்கிறது. எனவே ஈறு நிறமி நீக்கம் என்பதே பொருத்தம். இலங்கைத் தமிழர்கள் ஈறுகளை முரசு என்பதால், அங்கே முரசு நிறமி நீக்கம் எனலாம்.

ஈறு வெளுப்பு என்று எழுதுவது தவறான எண்ணத்தைத் தருகிறது. பற்களை வெளுக்கப் பெராக்சைடு பூசுவார்கள். இங்கே பெரும்பாலும் நிறமி படிந்த மேற்படலத்தையே எடுத்துவிடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியாலோ சுழலும் வைரமுனையாலோ சுரண்டுவது பழைய முறை. இப்போது டயோடு லேசர் பரவலாக இருக்கிறது. உறையவைத்து அகற்றும் முறையும் உண்டு. புதுப் படலம் மூட ஓரிரு வாரம் ஆகும். ஈறுகள் மெலிதாக இருப்பவர்களுக்கு ஆழமாகச் சுரண்டினால் ஈறு கீழிறங்கி வேர் தெரியக்கூடும். ஏதோ களிம்பு பூசுவார்கள் என்று நம்பிப் போகிறவருக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அகற்றப்படும் நிறமி மெலனின். கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கருப்பு. அதைச் சுரக்கும் செல்கள் எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உள்ளன. சுரக்கும் வேகம்தான் பரம்பரையாக மாறுகிறது. ஆகவே பிறவியிலேயே கருத்த ஈறு நோயே அல்ல. செனகல் நாட்டில் பெண்கள் அழகுக்காக ஈறுகளில் கருப்புப் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கமே உண்டு. ஆனால் சிவப்பாக இருந்த ஈறு புதிதாகக் கருத்தால் கதை வேறு: புகைப்பழக்கம், மினோசைக்ளின் போன்ற மருந்து, அட்ரீனல் சுரப்பியைப் பாதிக்கும் அடிசன் நோய் என்று காரணங்கள் இருக்கலாம். அப்போது லேசருக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.

நீக்கம் என்றதும் நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துத் திசுவிலிருந்து மெலனின் செல்கள் நகர்ந்து வந்து கருமை மீண்டும் படியலாம். மருத்துவத்தில் இது ரீபிக்மென்டேஷன். நாம் மறுநிறமேற்றம் எனலாம். புகைப்பழக்கத்தைக் கைவிடாதவர்களுக்கு அதற்கான வாய்ப்பு கூடுதல்.