ஏறுவது இருக்கட்டும், இறங்குவது எப்படி? குவாதர்ராமா காட்டுப்பாதைகளில் ஓடுவோருக்கு

திங்கட்கிழமைக் காலைகளில் என் சிகிச்சையறைக்கு வருவோரில் சிலரை, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். மாடிப்படியில் ஏறும்போது ஓரளவு இயல்பாகவே ஏறி வருவார்கள். திரும்பிப் போகையில்தான் கைப்பிடியை இறுகப் பற்றி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, நண்டு நடப்பதுபோல் ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தில் விளையாட்டு இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, அந்த ஒரு காட்சியே போதும்: முந்தைய நாள் இவர் குவாதர்ராமா மலையில் ஓடியிருக்கிறார்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் இன்னாரெனத் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதை நெருங்குபவர், கணக்கர், நகரச் சாலைகளில் அரை மாரத்தானை ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிப்பவர். கைப்பேசிச் செயலியில் 21 கிலோமீட்டர் என்று காட்டிய ஒரு மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தார். "தூரம் அதேதானே, கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும்" என்று எண்ணினாராம். நான்கரை மணி நேரம் ஆனது. ஊர் கண்ணுக்குத் தெரிந்த கடைசி இறக்கத்தில், தொடையில் பிடிமானம் இல்லாமல் போய், ஒரு வேரில் கால் இடறி, வலது கணுக்கால் உட்பக்கமாக மடங்கியது. "ஏறும்போது ஒரு சிக்கலும் இல்லை, டாக்டர்" என்பதை அவர் மூன்று முறை சொன்னார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த வாக்கியம்தான்.

குவாதர்ராமா மலைத்தொடர் மத்ரித்துக்கு வடமேற்கே, தொடர்வண்டியிலோ பேருந்திலோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் எட்டக்கூடிய தொலைவில், மத்ரித், செகோவியா ஆகிய இரு மாகாணங்களுக்கும் நடுவே ஒரு மதில்போல் நிற்கிறது. 2013ஆம் ஆண்டு அதன் உயர்ந்த பகுதிகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2,428 மீட்டர் உயரமுள்ள பென்யலாரா அதன் தலைச்சிகரம்; வடக்குச் சரிவில் வால்சாயின் பைன் காடு, ஆரஞ்சு நிற அடிமரங்களோடு, பல நூற்றாண்டுகளாக மரம் வெட்டியும் வளர்த்தும் பேணப்பட்டு வருகிறது. 650 மீட்டர் உயரத்திலுள்ள தலைநகரின் பூங்காக்களில் வாரம் முழுவதும் ஓடுபவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டு நிழலில் ஓடும் ஆசை வருவது இயல்பு. நான் அதைத் தடுப்பவன் அல்லன்; நானும் ஓடுபவன்தான்.

சிக்கல் தொடங்குவது, பாதையைக் கிலோமீட்டரால் அளப்பதில். மலையோட்டப் போட்டிகளை நடத்துவோர் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்தையும் ஒரு கிலோமீட்டராக மாற்றி, தூரத்தோடு கூட்டுவது. 21 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால், உழைப்பில் அது 33 கிலோமீட்டருக்குச் சமம். நம் கணக்கருக்கு இது தெரிந்திருந்தாலே பாதி தப்பித்திருப்பார். ஆனால் மீதிப் பாதியை இந்தக் கணக்கும் காட்டாது. ஏனெனில் இதில் ஏற்றம் மட்டுமே சேர்கிறது, இறக்கம் சேரவில்லை. நுரையீரலுக்கும் இதயத்துக்கும் அது சரியான அளவுகோலாக இருக்கலாம். தொடைத் தசைக்கும் முட்டிக்கும் கணுக்காலுக்கும் அது அரைகுறையான அளவுகோல் என்பதே என் கருத்து.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. மூச்சு வாங்குகிறது, வேகம் தானாகக் குறைகிறது, உடலே நமக்குக் கடிவாளம் போட்டுவிடுகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு காலடியிலும் உடலின் வேகத்தை அதுதான் தடுத்து நிறுத்துகிறது. நீளும் நிலையில் சுமை தாங்கும் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன, ஆனால் மூச்சு வாங்காததால் நமக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. வலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். வலிமைக் குறைவோ வலிக்காகக் காத்திருப்பதில்லை. இறக்கத்தின் நடுவிலேயே தொடங்கிவிடும். பாதத்தைச் சரியான இடத்தில் வைக்கும் துல்லியம் அப்போதுதான் குலைகிறது. சுளுக்குகள் பெரும்பாலும் கடைசி இறக்கத்தில் நேர்வதாக என் நோயாளிகள் சொல்வதில் வியப்பே இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. மிதமான ஓர் இறக்க ஓட்டத்தைச் செய்து, அதிலிருந்து மீண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையை முன்னைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே நீண்ட மலையோட்டத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன், இருநூறு முந்நூறு மீட்டர் உயரம் மட்டும் இறங்கும் ஒரு சிறிய ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இறங்கும்போது எட்டு வைக்கும் தூரத்தைக் குறைத்து, அடிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். குதிகாலை முன்னே நீட்டி ஊன்றுவது முட்டிக்கு அடி கொடுப்பதற்குச் சமம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது விளையாட்டாகத் தோன்றலாம். கணுக்கால் ஒருமுறை சுளுக்கியவர்களுக்கு நான் முதலில் தருவது அதைத்தான்.

இனி, பாதைகள். முதல் முறை போகிறவர்களை நான் அனுப்புவது, தொடர்வண்டியில் போய் இறங்கக்கூடிய செர்செதில்யா ஊருக்கு மேலுள்ள ஃபுயென்ஃப்ரீயா பள்ளத்தாக்குக்கு. அங்கே 'குடியரசுச் சாலை' என்று அழைக்கப்படும் அகலமான காட்டுப்பாதை, பைன் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து, 1,800 மீட்டர் அளவிலுள்ள கணவாய்வரை மெதுவாக ஏறுகிறது. மண் தரை, சீரான சரிவு, வழி தவறுவது கடினம். இறக்கப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன். அதே பள்ளத்தாக்கில் ரோமானியப் பாதை என்ற பெயரில் கல் பாவிய வழியொன்றும் மேலே போகிறது. அந்தப் பெயரின் கவர்ச்சியில் அதன் வழியே ஓடி இறங்குபவர்கள் பலர். இன்று காலில் படும் கற்களில் பெரும்பகுதி ரோமானியர் காலத்துக்குப் பிந்தையவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. எந்தக் காலத்துக் கல்லாக இருந்தாலும், மழை பெய்தால் வழுக்கும், இடுக்குகளில் பாதம் சிக்கும். அதில் ஏறுங்கள், இறங்குவதற்கு மண் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

நவஸெர்ராதா கணவாய்க்கும் ஃபுயென்ஃப்ரீயாவுக்கும் இடையே, சியெத்தே பீக்கோஸ் என்ற ஏழு பாறை முகடுகளின் வடக்குச் சரிவில், ஷ்மித் பாதை செல்கிறது. 1920களில் மலையேற்ற அன்பர் ஒருவர் குறியிட்டு அமைத்த, அவர் பெயராலேயே வழங்கும் ஒற்றையடிப் பாதை அது. மஞ்சள் வட்டங்களைப் பின்பற்றிப் போகலாம். பெரிய ஏற்ற இறக்கம் இல்லாததால் எளிது என்று எல்லோரும் சொல்வார்கள், கோடையில் அது உண்மையும்கூட. ஆனால் வடக்கு நோக்கிய அடர்நிழல் என்பதால், மத்ரித்தில் மக்கள் அரைக்கை சட்டையோடு திரியும் வசந்த நாட்களிலும் அங்கே மிதிபட்டு இறுகிய பனி, கண்ணாடி போன்ற பனிக்கட்டியாகக் கிடப்பதுண்டு. பனிக்கட்டியில் சாதாரண ஓட்டக் காலணியின் அடிப்பாகம் பயன்படாது. காலணிமேல் மாட்டும் இலகுவான இரும்புப் பல் பட்டைகளை நவம்பர் முதல் ஏப்ரல் வரை பையில் வைத்திருப்பது என் வழக்கம்.

பெரும்பாலோர் கனவு காணும் பென்யலாரா ஏற்றம், 1,830 மீட்டரிலுள்ள கோத்தோஸ் கணவாயிலிருந்து தொடங்குகிறது. உயர வேறுபாடு 600 மீட்டர் மட்டுமே என்பதால் இது ஏமாற்றும். மேலே மரங்கள் இல்லை. உச்சிக்கு அப்பால் வடக்கே நீளும் கிளவேலெஸ் முகட்டில் ஓட முடியாது, கையூன்றிப் பாறை தாண்ட வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் அங்கே பனிக்கோடரியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த கையும் இல்லாமல் போவது ஓட்டப் பயிற்சி ஆகாது. நவஸெர்ராதாவிலிருந்து மோர்குவெரா கணவாய்வரை நீளும் குவெர்தா லார்கா, அதாவது 'நீண்ட கயிறு', இன்னொரு வகை. ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேலான முகடுகளிலேயே ஓடுவதால் நிழலும் இல்லை, நம்பத்தக்க நீரும் இல்லை, நடுவே இறங்கினால் பள்ளத்தாக்கு எங்கோ கொண்டுபோய் விடும். கோடைப் பிற்பகலில் இடி மேகங்கள் திரளும்போது அந்த முகட்டில் நிற்கும் ஓட்டக்காரரே சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். விடியலில் தொடங்கி நண்பகலுக்குள் முடிக்க இயலாதவர்கள் அந்தப் பாதையைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம்.

எந்தப் பாதையானாலும், வெள்ளை-சிவப்புக் கோடு நெடும்பாதையையும், வெள்ளை-மஞ்சள் கோடு குறும்பாதையையும் குறிக்கும்; இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் அந்த வழி போகக் கூடாது என்று பொருள். ஸ்பெயினின் பல பாதை விவரத் தாள்களில், சூழலின் கடுமை, வழி கண்டறிதல், நடப்பதன் கடினம், உழைப்பு என நான்குக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தனித்தனி மதிப்பெண் தந்திருப்பார்கள். 'எளிது', 'கடினம்' என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்த நான்கு எண்களை நம்புங்கள்.

காட்டின் உயிர்களில் கரடியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. குவாதர்ராமாவில் கரடி இல்லை. நான் அஞ்சுவது கம்பளிப்பூச்சிக்கு. குளிர்காலத்தில் பைன் மரக்கிளைகளில் வெண்பட்டுக் கூடு கட்டும் ஒருவகைப் பூச்சியின் புழுக்கள், குளிர்கால இறுதி முதல் வசந்தம்வரை, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்துத் தரையில் இறங்கும். அவற்றின் கண்ணுக்குத் தெரியாத முடிகள் தோலில் பட்டால் கடும் அரிப்பு, கண்ணில் பட்டால் ஆபத்து. கூடுள்ள மரத்தடியில் அமர்ந்து காலணி மாற்றாதீர்கள். பட்ட இடத்தைத் தேய்க்காமல் நீரால் கழுவுங்கள். அடுத்தது உண்ணி. ஓடி முடித்ததும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், தலைமுடி ஓரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்திருந்தால், நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும்; எண்ணெய் ஊற்றுவதும் தீ வைப்பதும் கூடாது. 2016இல் பக்கத்து ஆவிலா மாகாணத்தில் உண்ணி கடித்த ஒருவர் கிரிமிய-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சலால் இறந்தார், அவரைக் கவனித்த செவிலியருக்கும் அது தொற்றியது. இது மிக அரிது. ஆனாலும் அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, பரவும் சிவப்பு வட்டமோ தோன்றினால், உண்ணி கடித்த செய்தியை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். கன்றோடு நிற்கும் மாடுகளையும் மந்தை காக்கும் பெரிய மாஸ்டின் நாய்களையும் கண்டால், ஓட்டத்தை நிறுத்தி நடந்து, சுற்றிப் போவதே மரியாதை.

கணுக்கால் மடங்கிவிட்டால், வலி சற்று அடங்கியதும் எழுந்து பாருங்கள். நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளின் பின்விளிம்பை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்கும்வரை முறிவு இருக்கலாம் என்றே கருத வேண்டும். அழைக்க வேண்டிய எண் 112. ஸ்பெயின் உள்துறை அமைச்சகத்தின் அலெர்ட்காப்ஸ் செயலியை முன்பே நிறுவியிருந்தால், நீங்கள் இருக்கும் இடத்தையும் அனுப்பலாம். கைப்பேசி சிக்னல் கிடைக்காத பள்ளங்களில் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதல், பின்பு ஒரு நிமிட அமைதி, மீண்டும் ஆறு. வியர்த்த உடல் நின்றவுடன் குளிரத் தொடங்கும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறேழு பாகை வெப்பம் குறைகிறது, காற்று தனி. சட்டைப்பையில் அடங்கும் வெள்ளித்தாள் போர்வையும் காற்று தடுக்கும் மேலாடையும் ஜூலையிலும் பையில் இருக்கட்டும்.

கடைசியாக மாத்திரை. இறக்கத்தில் முட்டி வலிக்கும் என்று, புறப்படும் முன்பே இப்யூப்ரோஃபென் போட்டுக்கொண்டு வருபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். நீரிழப்போடு நீண்ட நேரம் ஓடும் உடலில் அது சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை. வலி என்ற ஒரே எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறது. தாகம் இல்லாமலே வெறும் நீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் இரத்தத்தில் உப்பின் அளவைத் தாழ்த்திவிடும். மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கொக்கோகோலா நிறத்தில் போனால், அது எனக்கான நோய் அன்று. என் மாடிப்படி ஏறாமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நம் கணக்கருக்கு எலும்பு முறியவில்லை, தசைநார் மட்டும் பாதி கிழிந்திருந்தது. பத்து வாரங்களுக்குப் பிறகு ஃபுயென்ஃப்ரீயாவின் காட்டுப்பாதையில் ஏறி, திரும்பி இறங்கியபோது, கைக்கடிகாரம் காட்டிய தூரத்தை அவர் எனக்கு அனுப்பவில்லை. இறங்கிய உயரத்தை மட்டும் அனுப்பியிருந்தார்: 410 மீட்டர்.