கால் எடுத்தால் துடிக்கும் வண்டி

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றோம். ஆக்சிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 800-க்கும் 1,500-க்கும் நடுவே ஏறி ஏறி இறங்கியது. பிரேக் மிதியும் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. "மலைக்காத்து மாமா, கீழ போனா சரியாயிடும்" என்றான் மருமகன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை உண்டு. 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் சேலத்தைவிட, சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் காற்றழுத்தம் ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இழுவை குறையுமே தவிர, முள் இப்படி ஆடாது.

ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள். விரலை உள்ளே உறிஞ்சும். கால் எடுத்த இன்ஜினிலும் இதேதான் நடக்கிறது. காற்று நுழையும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்க, பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால், அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் காற்றுக்குழாயான மேனிபோல்டுக்குள் அழுத்தம் வெளியே உள்ளதில் பாதிக்கும் கீழே போய்விடும். இந்த நேரத்தில் மேனிபோல்டில் மாட்டிய ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் இருந்தால் காற்று அந்த வழியாகச் சீறி நுழையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் த்ராட்டில் வழியாகவே ஏகப்பட்ட காற்று வரும், கீறல் காற்று அதில் கரைந்துபோகும். ஓடும்போது நன்றாக இருந்த வண்டி நின்றால் துடிப்பது இதனால்தான்.

காற்றை வாசலிலேயே அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், கீறல் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் மிஸ் அடிக்கும். மேனிபோல்டு அழுத்தத்தை அளக்கும் வண்டியில் அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் போகும், அதனால் ஆர்பிஎம் ஏறும். சில வண்டிகளில் அது ஓர் அளவைத் தாண்டியதும், வண்டி இறக்கத்தில் உருளுகிறது என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். முள் விழும். மறுபடி பெட்ரோல் வரும், மறுபடி ஏறும். நான் பார்த்த ஆட்டம் இதுதான்.

அடிவாரத்து மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். "ரைஸ் பண்ணாதீங்க சார், சும்மா ஓடட்டும்" என்றார். காது கொடுத்துக் கேட்டார். மெல்லிய "உஸ்ஸ்". பிறகு ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் மேனிபோல்டு பக்கம் பிளையரால் மெதுவாக நசுக்கிக்கொண்டே வந்தார். ஒன்றைப் பிடித்ததும் முள் அடங்கியது. கழற்றி வளைத்துக் காட்டினார். மேலே பளபளப்பு, அடிப்பக்கம் நகக்கீறல் மாதிரி வாய் பிளந்த ஒரு வெடிப்பு.

இதுபோன்ற கோளாறுக்கு எடுத்தவுடன், கால் எடுத்த நேரத்தில் காற்றை அளந்து விடும் ஐடில் வால்வை மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். முதலில் ஹோஸ்கள், அப்புறம் மேனிபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட், அப்புறம் த்ராட்டிலில் படிந்த கரி. சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கீறல் அதை உறிஞ்ச, இன்ஜின் சத்தம் சட்டென்று மாறும். சூடான இன்ஜின்மேல் கிளீனர் ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

வெடித்திருந்தது பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ். மிதியை நம் காலோடு சேர்ந்து அழுத்த பூஸ்டருக்கு வேண்டியது அதே உறிஞ்சல்தான். புது ஹோஸ் மாட்டியதும், இன்ஜினை அணைத்து மிதியை நாலைந்து முறை அழுத்தி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மிதி காலடியில் மெதுவாக ஓர் அங்குலம் இறங்கியது. "இப்ப மலை ஏறலாம் சார்" என்றார்.