நெல்லுக்கு வாங்கின மருந்துக்குக் கொல்லையில் என்ன வேலை?

மார்கழி பிறந்தால் போதும், எங்கள் வேளாண் அலுவலகத்துக்கு அவரைக் கொத்துகள் வர ஆரம்பித்துவிடும். பூங்கொத்தின் நுனி முழுக்க அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி கறுப்பாக அப்பிக்கிடக்கும். "இதுக்கு என்ன அடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடித்தால் பரவாயில்லை. போன வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த அக்கா அடித்துவிட்டுத்தான் வந்தார். சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடித்து மிச்சமிருந்த பழைய மோனோகுரோட்டோபாஸ்.

"எப்பக்கா அடிச்சீங்க?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"காய் பறிச்சீங்களா?"

"நேத்து பொரியல் பண்ணினேன். மஞ்சத்தூள் போட்டு நல்லாக் கழுவிட்டேன் மேடம்."

இந்தக் 'கழுவிட்டேன்' கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உப்பில் ஊறவைத்தேன், புளித்தண்ணீரில் அலசினேன் என்று ஆளுக்கொரு வைத்தியம். தோல்மேல் ஒட்டியிருப்பது கழுவினால் ஓரளவு போகும், மறுக்கவில்லை. ஆனால் இது ஊடுருவிப் பாயும் மருந்து. இலையில் பட்டதும் உள்ளே இறங்கி, சாற்றோடு சேர்ந்து செடிக்குள் ஓடும். சாறு உறிஞ்சுகிற பூச்சி சாவதே அதனால்தான். குலாப்ஜாமூனைக் குழாயடியில் கழுவினால் உள்ளே ஊறின பாகு போய்விடுமா? வேகவைத்தால் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் கூடாது என்று மத்திய அரசு 2005லேயே தடை போட்டாயிற்று. பாட்டிலில் கொடிய விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம் அழகுக்கு அச்சடித்தது இல்லை.

"அப்ப வேற நெல் மருந்து அடிக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள், அதாவது அடித்தபின் அறுவடைக்கு விடவேண்டிய இடைவெளி, நெல்லுக்குக் கணக்கிட்டது. அடித்தபின் அறுவடைக்கு நாள் கிடக்கிற பயிர் அது. கத்தரியையும் வெண்டையையும் ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கிறீர்கள். எங்கே காத்திருப்பீர்கள்? லேபிளில் அந்தக் காயின் பெயர் இல்லையென்றால் அந்த மருந்து அதற்கில்லை, அவ்வளவுதான்.

மிச்ச மருந்துக்கு முன்னாடியே மிச்ச யூரியா கொல்லைக்குப் போயிருக்கும். அவரை தளதளவென்று கொடி ஓடுவதைப் பார்த்துப் பூரித்துப்போகிறீர்கள், அந்த இளந்தளிருக்குத்தான் அசுவினியும் வருகிறது. மக்கின எருவும் அடுப்புச் சாம்பலும் போதும். நம் களிமண்ணில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், மேட்டுப்பாத்தி போடாமல் தக்காளி நடவே நடாதீர்கள். மழை விட்டபின் தைப்பட்டத்தில் நட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதுக்கும் தொற்றும். போன தடவை கத்தரி இருந்த பாத்தியில் இந்தத் தடவை வெண்டையோ தட்டைப்பயறோ போடுங்கள்.

அசுவினிக்கு விரல் போதும். அப்பியிருக்கும் நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், மீதியைத் தண்ணீர் பீய்ச்சி உதிருங்கள். மறுபடி வந்தால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலத்தில் அடிக்கலாம். கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முதலைக்குட்டி மாதிரி ஊர்கிறதே, அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்ன வந்தது. தயவுசெய்து நசுக்காதீர்கள். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடின தண்டை ஒரு சாண் கீழே வெட்டி எரியுங்கள், ஓட்டை விழுந்த காயையும் செடியில் விடாதீர்கள். புழு உள்ளே போனபின் வெளியே என்ன அடித்தும் அதற்கு உறைக்காது.

வயலுக்குக் களைக்கொல்லி அடித்த டேங்க்கைக் கொல்லைக்குள் கொண்டு வராதீர்கள். 2,4-டி என்கிற களைக்கொல்லி மிச்சம் கொஞ்சம் இருந்தாலே தக்காளி இலை நாடா மாதிரி முறுக்கிக்கொள்ளும். அதைப் பார்த்து வைரஸ் என்று இன்னொரு மருந்து அடித்தவர்களும் உண்டு. காலி பாட்டிலைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. 2013ல் பீகாரில் பள்ளி மதிய உணவில் 23 குழந்தைகள் இறந்தது மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயால்தான்.

அடித்த பிறகோ சாப்பிட்ட பிறகோ வாந்தி, வியர்வை, எச்சில் ஊறல், கண் மங்கல் வந்தால் மோர் குடித்துக்கொண்டு உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எங்களிடம் இலை கொண்டு வருகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், வந்து சேர்வதற்குள் வெந்துபோகிறது. செய்தித்தாளில் மடித்து, காலையிலேயே, எதுவும் அடிக்கிறதுக்கு முன்னாடி கொண்டு வாருங்கள்.